நாலாவது வரி

எங்கள் ஆபீசில் யாராவது எதையாவது அடித்துச் சொன்னால் போதும், ரெக்கார்ட் ரூம் பக்கமிருந்து ஒரு குரல் வரும். "எங்க எழுதியிருக்கு?"

சன்னமான குரல். அதட்டல் இருக்காது, கிண்டலும் இருக்காது. மெய்யாகவே தெரிந்துகொள்ள ஆசைப்பட்டுக் கேட்பது போல இருக்கும். அதனால்தான் எரிச்சல் இன்னும் ஜாஸ்தியாகும். கிண்டல் செய்தால் பதிலுக்கு நாமும் நாலு வார்த்தை கொடுக்கலாம். ஆசையாகக் கேட்கிறவரை என்ன செய்வது?

வேங்கிக்கால் பக்கத்தில் ஓர் அரசு அலுவலகம். எது என்று கேட்காதீர்கள், சொல்ல மாட்டேன். அங்கே நான் தற்காலிகக் கம்ப்யூட்டர் ஆபரேட்டர். தினமும் கீழ்பென்னாத்தூரில் பஸ் ஏறி, பாதி நாள் நின்றுகொண்டே வந்து, மனுக்களையும் நடவடிக்கைக் குறிப்புகளையும் டைப் அடித்துவிட்டுத் திரும்புவேன். அந்தக் குரலுக்குச் சொந்தக்காரர் ரெக்கார்ட் ரூமுக்குப் பொறுப்பு. கணவர் இதே துறையில் வேலையில் இருக்கும்போதே இறந்துபோனதால் வாரிசு அடிப்படையில் வந்த வேலை. ஒரே மகள், பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தாள். என்னைவிட எட்டு வயது மூத்தவர். முதுகுக்குப் பின்னால் 'சான்றக்கா' என்போம், நேரில் வெறும் 'அக்கா'.

அந்த அறையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இரண்டு ஜன்னல் உண்டு, இரண்டையும் இரும்பு அலமாரி அடைத்துக்கொண்டிருக்கும். கதவைத் திறந்தால் பாதியில் இடிக்கும், ஏனென்றால் கதவுக்குப் பின்னாலும் ஃபைல் கட்டுகள். காற்றாடி சுற்றினால் காகிதம் பறக்கும் என்று அதையும் போட மாட்டார். நான் அஞ்சு நிமிஷம் இருந்தால் மூச்சு முட்டிக்கொண்டு வரும். அவரோ காலை பத்து மணிக்கு உள்ளே போனால் சாப்பாடும் அங்கேதான். "உங்களுக்கு இது ஜெயில் மாதிரி இல்லியாக்கா?" என்று ஒரு நாள் கேட்டேன். "இல்லம்மா, இங்க இருக்கிறது எல்லாத்துக்கும் கையெழுத்து இருக்குது. வெளியதான் பயமா இருக்குது" என்றார். நான் தலையில் அடித்துக்கொண்டு வந்துவிட்டேன்.

எங்கள் ஆபீசர் ஒருவர் ஓய்வு பெற்ற நாளில், மேடையில் ஒருவர் உருகி உருகிப் பேசினார். "முப்பது வருஷ சர்வீஸ்ல ஒரு நாள் கூட லீவு போட்டதில்ல!" எல்லாரும் கைதட்டினோம். எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அக்கா மட்டும், "லீவு ரெஜிஸ்டர் என் ரூம்லதான் இருக்குது" என்றார். முணுமுணுப்புதான், ஆனாலும் முன்வரிசைக்குக் கேட்டுவிட்டது. ஓய்வு பெறுகிறவர் மாலையைக் கழற்றிவிட்டுத் திரும்பிப் பார்த்தார். பாவம் மனுஷன், அன்றைக்குக்கூட விடக்கூடாதா?

எனக்கு அக்காமேல் இருந்த கோபம் வேறு. எனக்கு ஒரு வரன் வந்தது. பையனுக்கு ஓசூரில் நல்ல வேலை, குடிக்க மாட்டான், சொந்த வீடு. ஆபீசில் இனிப்பு கொடுத்துவிட்டுச் சொன்னேன். இனிப்பை வாயில் போட்டுக்கொண்டே, "யார் சொன்னா?" என்றார்.

"தரகர்தாங்கா."

"பையன் வீட்ல இருந்து அவருக்குக் கமிஷன் வருதில்ல? அப்ப அது பையன் வீடு சொன்ன மாதிரிதான். வேற யாரு சொன்னா?"

வேறு யார் சொன்னார்? யாரும் சொல்லவில்லை. அந்த ஒற்றைக் கேள்வி என் தலைக்குள் புகுந்துகொண்டது. நான் என் அப்பாவைக் கேட்க, அப்பா பையன் வீட்டாரைக் கேட்க, அவர்கள் முகம் சுளிக்க, சம்பந்தம் கலைந்தது. கடைசியில் பார்த்தால் பையனைப் பற்றித் தரகர் சொன்னது அத்தனையும் உண்மை! இப்போது வேறு ஒருத்தியைக் கட்டிக்கொண்டு நன்றாக இருக்கிறான். நான் இதைச் சொல்லி அழுதபோது அக்கா, "நான் கேட்டது தப்பு இல்ல. ஆனா நீ போயிருக்கலாம்" என்றார். இந்தப் பதிலை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன், சொல்லுங்கள்.

இத்தனை சான்று வெறி எங்கிருந்து வந்தது என்று பிறகுதான் தெரிந்தது. இணையத்தில் ஒரு கலைக்களஞ்சியம் இருக்கிறது, உங்களுக்கும் தெரிந்திருக்கும். யார் வேண்டுமானாலும் படிக்கலாம், யார் வேண்டுமானாலும் எழுதலாம், எழுதியதை யார் வேண்டுமானாலும் திருத்தலாம். அதில் தமிழில் எழுதுகிறவர்களில் அக்காவும் ஒருவர். புனைபெயரில் எழுதினார். ரெக்கார்ட் ரூம் கம்ப்யூட்டர், பழைய கட்டுகளை ஸ்கேன் செய்வதற்கென்று வந்தது. ஸ்கேனர் வரவே இல்லை. கம்ப்யூட்டர் சும்மா கிடந்தது, அக்காவுக்குக் கேட்ட ஃபைலை எடுத்துக் கொடுத்துவிட்டால் வேறு வேலை இல்லை. பத்து வருடமாக அதில்தான் எழுதிக்கொண்டிருந்தார். செடி, பூச்சி, நோய், ஊர், ஏரி, பறவை. எந்த வரியை எழுதினாலும் அது எந்தப் புத்தகத்தில் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று கீழே குறிப்பு போட்டுவிடுவார். மற்றவர்கள் எழுதியதில் குறிப்பு இல்லாவிட்டால் 'சான்று தேவை' என்று ஒட்டிவிட்டு வருவார்.

"எவன் வேணா எழுதலாம்னா அதை எப்பிடிக்கா நம்பறது?" என்றேன்.

"எழுதினதை நம்பாத. கீழ குறிப்பு போட்டிருக்கில்ல, அதைத் திறந்து பாரு. அது சரியா இருந்தா நம்பு."

"அதுக்கெல்லாம் யாருக்கு நேரம் இருக்குது?"

"அப்ப நம்பாத."

ஆனால் ஒன்று சொல்லியாக வேண்டும். ஒரு வருடம் எங்கள் மல்லாட்டைப் பயிரில், நிலக்கடலையைத்தான் சொல்கிறேன், இலையெல்லாம் கரும்புள்ளி. வாட்ஸப்பில் யாரோ அனுப்பியதைப் பார்த்து அப்பா எதையோ கரைத்து ஊற்ற இருந்தார். அக்கா எழுதிய பக்கத்தை என் போனில் திறந்து கொடுத்தேன். ஆறாம் வகுப்போடு நின்றவர் என் அப்பா. எழுத்துக்கூட்டி முழுக்கப் படித்தார். என்ன நோய், எதனால் வருகிறது, எந்த மருந்து, எவ்வளவு தண்ணீருக்கு எவ்வளவு, எல்லாம் நம் தமிழில். "இதுக்குக் காசு கேக்க மாட்டாங்களா?" என்று இரண்டு முறை கேட்டார். மகசூல் வந்ததும் ஒரு கோணிப்பை மல்லாட்டையை என் தலையில் கட்டி அனுப்பினார். அக்கா வாங்கிக்கொள்ளவில்லை. "அந்தப் பக்கத்துல நேத்து ஒருத்தன் மருந்து அளவுல ஒரு சைபரைச் சேத்துட்டுப் போயிட்டான். நல்லவேளை, நான் ஒரு மணி நேரத்துல பாத்துட்டேன். உங்க அப்பா அந்த ஒரு மணி நேரத்துல படிச்சிருந்தா?" என்றார். மல்லாட்டையை நான்தான் வறுத்து ஆபீஸ் முழுக்கக் கொடுத்தேன்.

புதிதாக எழுத வருகிறவர்களிடம் அக்கா ரொம்பக் கறார். யாரோ ஒரு பெரியவர் தன் ஊர்க் கோயிலைப் பற்றி ஆசை ஆசையாக எழுதியிருப்பார். 'இது நான் சிறுவயதில் கண்ணால் பார்த்தது' என்று சத்தியம் செய்வார். அக்கா அதற்கு ஒரே பதில் வைத்திருந்தார். 'உங்கள் சொந்த அனுபவம் சான்றாகாது. மன்னிக்கவும்.' இதை எத்தனை பேருக்கு எழுதியிருப்பாரோ, தட்டச்சு செய்யக் கீபோர்டைக்கூடப் பார்க்க மாட்டார். "ஏங்கா, கண்ணால பாத்தவங்களையே நம்ப மாட்டேன்னா எப்பிடி?" என்பேன். "ஒருத்தரை நம்பினா எல்லாரையும் நம்பணும். அப்புறம் அது களஞ்சியமா, டீக்கடையா?" என்பார்.

டீக்கடை என்று அவர் எதை நினைத்துச் சொன்னார் என்று அப்போது எனக்குத் தெரியாது.

திங்கட்கிழமை மனு வாங்கும் நாள். அடி அண்ணாமலைக்கு அந்தண்டை ஒரு சின்ன ஊரிலிருந்து பச்சையம்மாள் என்று ஒரு அம்மா வந்தார். நாலு மாடு, கொஞ்சம் நிலம். ஊருக்குப் பக்கத்தில் ஒரு குளம். அந்த ஊர் மாடுகளுக்கெல்லாம் அதுதான் தண்ணீர். குளத்தங்கரை கிரிவலப் பாதைக்குப் பக்கம் என்பதால், பௌர்ணமிக்கு வரும் கார்களை நிறுத்த அங்கே இடம் போட்டால் நல்ல வருமானம். உள்ளூரில் வசதியான குடும்பம் ஒன்று கரையைச் சுற்றிக் கம்பிவேலி போட்டு, கேட் வைத்துப் பூட்டிவிட்டது. மாடுகள் கேட்டுக்கு வெளியே நின்று கத்துகின்றன என்றார் பச்சையம்மாள். ரோட்டைத் தாண்டி இரண்டு கிலோமீட்டர் ஓட்டிப்போய்த் தண்ணீர் காட்ட வேண்டும். போன வாரம் ஒரு கன்றுக்குட்டி வேன் மோதிச் செத்துவிட்டது.

விசாரணை வைத்தார்கள். நான்தான் குறிப்பு டைப் அடித்தேன். அந்தக் குடும்பத்தார் வெள்ளைச் சட்டையில் வந்து ஒரு ஃபைலைக் கொடுத்தார்கள். அதில் ஒரு நாளிதழின் பௌர்ணமி சிறப்புப் பக்கம், ஒரு விழா மலர், இணையக் கலைக்களஞ்சியத்தின் பிரதி ஒன்று. மூன்றிலும் ஒரே வரி. இந்தக் குளத்தை இன்ன குடும்பத்தின் முன்னோர் தம் சொந்த நிலத்தில் வெட்டினர். குடும்பப் பெயரோடு.

பழைய கிராமப் பதிவேட்டில் பார்க்கலாம் என்றால், அந்தக் குளம் வரும் பக்கத்தைச் செல் அரித்திருந்தது. அதைக் கொண்டுவந்து காட்டியது அக்காதான். பாதி எண் தெரிகிறது, மீதி பொடிப்பொடியாக உதிர்கிறது.

பச்சையம்மாள், "எங்க ஊரே சேந்து வெட்டுன குளம் சார் அது. எங்க மாமனாரு மண்ணு சொமந்தாரு" என்றார்.

ஆபீசர் ஒன்றும் கெட்டவர் இல்லை. சலிப்பாகத்தான் கேட்டார். "இருக்கட்டும்மா. எங்க எழுதியிருக்கு?"

நான் நிமிர்ந்து அக்காவைப் பார்த்தேன். செல்லரித்த பதிவேட்டை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றவர், அந்தப் பிரதியை எட்டிப் பார்த்தார். முகம் வெளுத்துப்போய் ரெக்கார்ட் ரூமுக்குள் போய்விட்டார்.

மத்தியானம் சாப்பிடக் கூப்பிடப் போனேன். டப்பா திறக்காமல் இருந்தது.

"அந்த வரி நான் எழுதினதும்மா" என்றார்.

பத்து வருடத்துக்கு முன், எழுத ஆரம்பித்த புதிதில், கிரிவலப் பாதையில் இருக்கும் குளங்களுக்கெல்லாம் தனித்தனியாக ஒரு பக்கம் போட வேண்டும் என்று அவருக்கு ஆசை. விடுமுறை நாளில் மகளைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தே போய்ப் பார்த்திருக்கிறார். இந்தக் குளத்துக்கு மூன்று வரிதான் கிடைத்தது. எங்கே இருக்கிறது, எவ்வளவு பெரியது, எந்த மாதம் நிரம்பும். மூன்று வரிப் பக்கத்தைக் களஞ்சியத்தில் வைத்திருக்க மாட்டார்கள். ரொம்பச் சின்னது என்று நீக்கிவிடுவார்கள். நாலாவதாக ஒரு வரி இருந்தால் தப்பிக்கும். குளத்தங்கரையில் டீக்கடை வைத்திருந்த ஆள், "எங்க தாத்தா வெட்டுனதும்மா இது" என்று டீ ஆற்றிக்கொண்டே சொல்லியிருக்கிறார். அதை எழுதிவிட்டார்.

"அந்த ஆளு அந்தக் குடும்பம்தானா?"

"ஆமா. ஆனா சொந்த நிலத்துலனு அவர் சொல்லவே இல்ல. வாக்கியம் மொட்டையா இருந்துச்சுனு நான்தான் சேத்தேன்."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "ஊரையெல்லாம் சான்று சான்றுனு உயிரை எடுத்தீங்களே! என் கல்யாணமே போச்சே!"

"அதுக்கப்புறம்தான் அப்பிடி ஆனேன்" என்றார். "இந்த மாதிரி ஒண்ணு எங்கயோ போட்டிருக்கோம்னு தெரியும். எந்தக் குளத்துக்குனு மறந்து போச்சு."

வரி களஞ்சியத்தில் இருந்தது. நாளிதழ்க்காரர்கள் அதைப் பார்த்துப் போட்டார்கள். நாளிதழைப் பார்த்து விழா மலர்க்காரர்கள் போட்டார்கள். பிறகு யாரோ ஒரு புண்ணியவான், களஞ்சியத்தில் அந்த வரிக்குச் சான்று இல்லையே என்று பார்த்து, அந்த நாளிதழையும் மலரையும் கீழே சான்றாகச் சேர்த்துவிட்டார். இப்போது அது அசைக்க முடியாத வரி. இரண்டு சான்று இருக்கிறதே!

"அவ்ளோதானே, நீங்களே அழிச்சிடுங்க" என்றேன். எவன் வேணா திருத்தலாம்தானே?

என் கண் முன்னால் அழித்தார். பத்து நிமிஷத்தில் வரி திரும்ப வந்து உட்கார்ந்துகொண்டது. யாரோ ஒரு எழுத்தாளர், எந்த நாட்டில் இருக்கிறாரோ, 'சான்றுள்ள தகவலை நீக்க வேண்டாம்' என்று எழுதியிருந்தார். அக்கா உரையாடல் பக்கத்துக்குப் போய் முழுக் கதையையும் எழுதினார். நான்தான் முதலில் எழுதினேன், டீக்கடையில் கேட்டது, பாதி என் கற்பனை, தயவுசெய்து எடுத்துவிடுங்கள். பதில் வந்தது. நான் அவர் தோளுக்கு மேலே எட்டிப் படித்தேன்.

'உங்கள் சொந்த அனுபவம் சான்றாகாது. மன்னிக்கவும்.'

அக்கா சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் பார்த்திருக்க வேண்டாம். மறுபடி அழித்தார், மறுபடி வந்தது. மறுபடி அழித்தார். விதியை மீறி மீண்டும் மீண்டும் நீக்குகிறார் என்று அவரைத் திருத்த முடியாதபடி தடை செய்துவிட்டார்கள். அதுவும் அவர் ஓட்டுப் போட்டுக் கொண்டுவந்த விதியாம்.

"அப்ப விசாரணையில போய்ச் சொல்லலாம்" என்றார்.

"சொன்னா?"

அவர் 'வரலாறு' என்ற இடத்தை அழுத்திக் காட்டினார். அந்தக் களஞ்சியத்தில் எந்தப் பக்கத்தில் யார், எந்த நாள், எத்தனை மணிக்கு, என்ன மாற்றினார்கள் என்பது எல்லாமே அப்படியே இருக்கும். யாரும் அழிக்க முடியாது, யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். அந்த நாலாவது வரி எழுதப்பட்டது ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொன்று இருபதுக்கு. அடுத்த மாற்றம் பன்னிரண்டு பத்து. அதற்கடுத்தது மூன்று மணி. பத்து வருடம், அத்தனையும் ஆபீஸ் நேரம்.

வாரிசு வேலை, ஒரே சம்பளம், ப்ளஸ் டூ படிக்கிற பெண். "வாயை மூடிக்கிட்டு இருங்கக்கா, கையெடுத்துக் கும்புடறேன். உங்களை யாரு கேட்டாங்க? நாலு மாட்டுக்காக நீங்க நடுத்தெருவுக்கு வருவீங்களா?" என்றேன். ஆமாம், நான்தான் சொன்னேன். இப்போது நல்லவள் போலப் பேசுவதில் அர்த்தமில்லை.

என் பேச்சைக் கேட்டார். அடுத்த விசாரணை நாளில் அவர் வெளியே வரவே இல்லை. அந்த இரண்டு வாரமும் அவர் யாரையும் எதையும் கேட்கவில்லை. ஆபீசில் யார் என்ன புளுகினாலும் ரெக்கார்ட் ரூமிலிருந்து சத்தம் கிடையாது. நாங்கள் இதற்காக எத்தனை நாள் ஏங்கியிருப்போம்! இப்போது எனக்கு அந்தப் பக்கம் போகவே பயமாக இருந்தது. கதவை இன்னும் கொஞ்சம் சாத்தி வைத்திருந்தார். போனால் அதே பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, அந்த வரியையே பார்த்துக்கொண்டிருப்பார். திருத்தும் பொத்தானை அழுத்தினால் 'நீங்கள் தடை செய்யப்பட்டுள்ளீர்கள்' என்று வரும். தெரிந்தே திரும்பத் திரும்ப அழுத்துவார்.

"வேணாங்கா, மூடி வைங்க."

"மூடினா மட்டும் போயிடுமா?"

ஒரு நாள் பச்சையம்மாளே ரெக்கார்ட் ரூம் வாசலுக்கு வந்துவிட்டார். அந்தப் பதிவேட்டை இன்னொரு முறை பார்த்துச் சொல்லும்படி யாரோ சொல்லி அனுப்பியிருந்தார்கள். நானும் அங்கே இருந்தேன். அக்கா எழுந்து, அந்தக் கட்டைப் பிரித்து, உதிர்கிற பக்கத்தை அவர் முன்னால் வைத்தார்.

"பாருங்கம்மா. இதுக்கு மேல ஒண்ணும் தெரியல."

பச்சையம்மாள் குனிந்து பார்க்கக்கூட இல்லை. "எனக்கு எழுதப் படிக்கத் தெரியாதும்மா. நீ பாத்தியா? நீ பாத்து இல்லன்னு சொன்னா சரிதான். நீ என்னா பொய்யா சொல்லப்போற" என்று சொல்லிவிட்டு, முந்தானையை உதறிக்கொண்டு நடந்துவிட்டார்.

அக்கா அப்படியே நின்றார். அவரை ஒருத்தர் சான்று கேட்காமல் நம்பிவிட்டுப் போய்விட்டார். அது அவரால் தாங்க முடியவில்லை. கன்னத்தில் ஒரு அறை விட்டிருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது. அலமாரியைப் பிடித்துக்கொண்டு அழுதார். நானும் அழுதேன், எதற்கென்று சரியாகச் சொல்லத் தெரியவில்லை.

கடைசி விசாரணையன்று ஆபீசர் எனக்கு உத்தரவைச் சொல்லத் தொடங்கியிருந்தார். 'மேற்கண்ட ஆவணங்களின் அடிப்படையில்' வரைக்கும் டைப் அடித்துவிட்டேன். அக்கா உள்ளே வந்தார்.

"சார், அந்த வரியை எழுதினது நான்தான். அதுக்கு ஆதாரம் கிடையாது. பேப்பர்ல வந்தது அதைப் பாத்துப் போட்டது. மலர்ல வந்தது பேப்பரைப் பாத்துப் போட்டது. மூணும் ஒண்ணுதான் சார்."

வெள்ளைச் சட்டைக்காரர்கள் எழுந்து நின்றார்கள். ஆபீசர் கண்ணாடியைக் கழற்றினார். "இன்னாம்மா சொல்றீங்க? அதை எழுதினது நீங்கதான்னு என்ன ஆதாரம்?"

அக்கா என் பக்கம் வந்து, "கொஞ்சம் எழுந்திரும்மா" என்றார். நான் அவர் கையைப் பிடித்தேன். விடுவித்துக்கொண்டு என் நாற்காலியில் உட்கார்ந்தார். எல்லாரும் பின்னால் வந்து நின்றார்கள், பச்சையம்மாள் உட்பட. தன் புனைபெயரையும் கடவுச்சொல்லையும் அடித்தார். திரையின் மேலே அந்தப் பெயர் வந்தது. குளத்தின் பக்கத்தைத் திறந்தார், வரலாற்றுக்குப் போனார். நாலாவது வரி, அதே பெயர், நாளிதழ் வந்ததற்கு இரண்டு வருடம் முந்திய தேதி.

ஆபீசர் குனிந்து பார்த்தார். "பதினொண்ணு இருபது" என்று வாசித்தார். "வேலை நாளா?"

"ஆமாங்க சார்."

"இது ஒண்ணுதானா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். அவர் விஷயம் தெரிந்தவர் இல்லை, நம்பியிருப்பார். அக்கா தன் பங்களிப்புகள் என்ற இடத்தைத் தானே அழுத்தினார். தேதியும் மணியுமாக நீளப் பட்டியல். கீழே கீழே தள்ளிக்கொண்டே போனார். செடிகள், பூச்சிகள், ஏரிகள், மல்லாட்டை நோய். பச்சையம்மாள், "இவ்ளோவும் இந்தப் பொண்ணா எழுதிச்சு?" என்று என்னிடம் கேட்டார். ஆமாம் என்றேன்.

இணையப் பக்கத்தையும் அதைப் பார்த்து வந்த மற்றவற்றையும் ஏற்க முடியாது, நிலத்தை அளந்து முடிக்கும்வரை கேட்டைத் திறந்தே வைக்க வேண்டும் என்று உத்தரவு ஆனது. அன்று சாயங்காலமே பூட்டு எடுக்கப்பட்டது. அந்தக் குடும்பம் மேலே போயிருக்கிறது, அது எப்போது முடியுமோ. அதே வாரம் அக்காவுக்கு மெமோ வந்தது, பிறகு சஸ்பெண்ட். இரண்டையும் டைப் அடித்தவள் நான்தான். ஒரு எழுத்துப் பிழை இல்லாமல் அடித்தேன். வேறு என்ன செய்திருக்க முடியும்?

நாளிதழில் செய்தி வந்தது. ஆபீஸ் நேரத்தில் இணையத்தில் ஆதாரமில்லாத தகவலை எழுதிய பெண் ஊழியர் சஸ்பெண்ட். தலைப்பிலேயே அக்கா பெயர். உள்ளே வயது, ஊர், குளத்தைப் பற்றிய அந்த வரி ஆதாரமற்றது என்று விசாரணையில் தெரியவந்தது என்ற விவரம் எல்லாம். பல மாதம் கழித்து மாவட்டத்தின் கடைக்கோடியில் ஓர் ஆபீசில் மறுபடி வேலை கொடுத்தார்கள், அதுவும் ஊதிய உயர்வை வெட்டிவிட்டு.

ஆனால் களஞ்சியத்தில் அந்த வரி அப்படியேதான் இருந்தது. மேல்முறையீட்டுக்கு அந்தக் குடும்பம் அதைத்தான் மறுபடி பிரதி எடுத்து வைத்திருக்கிறது என்று பச்சையம்மாள் வந்து சொன்னார். எனக்கு ஆத்திரமாக வந்தது. அக்காவுக்குப் போன் போட்டேன். நானே ஒரு கணக்கு திறந்து அழிக்கிறேன் என்றேன்.

"சும்மா அழிச்சா திருப்பிப் போட்டுடுவாங்கம்மா. எதிர்ச் சான்று வேணும். அச்சுல வந்திருக்கணும்."

"அச்சுல எங்கக்கா வந்திருக்குது?"

கேட்டு முடிக்கும்போதே எனக்குப் புரிந்துவிட்டது. அந்தக் குளத்து வரி பொய் என்று அச்சில் வந்திருப்பது உலகத்திலேயே ஒரே இடத்தில்தான், அக்கா சஸ்பெண்ட் ஆன அந்த நாளிதழ்ச் செய்தியில்.

"வேணாங்கா. அதைச் சான்றாப் போட்டா தலைப்போட கீழ நிக்கும். உங்க பேரு என்னைக்கும் அங்கயே கிடக்கும். நாளைக்கு உங்க பொண்ணு பாக்கும், அவ கட்டிக்கிறவன் பாப்பான்."

"தலைப்பைச் சரியா எழுது. தேதி போடு, பக்க எண் போடு" என்றார். "பக்க எண் இல்லனா எடுத்துடுவாங்க."

"அக்கா!"

"போடும்மா. மாடு தண்ணி குடிக்கணும்ல."

போட்டேன். அந்தக் களஞ்சியத்தில் என் வாழ்நாளில் நான் செய்த ஒரே திருத்தம் அது. நாலாவது வரியை எடுத்துவிட்டு, அப்படி ஒரு தகவல் பரவியிருந்தது, அது ஆதாரமற்றது என்று எழுதி, கீழே அக்காவின் பெயரோடு அந்தத் தலைப்பை, தேதியை, பக்க எண்ணை அடித்தேன். ஒரு மணி நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அக்காவைத் தடை செய்யக் காரணமாக இருந்த அதே எழுத்தாளர் வந்தார். வரியைத் திருப்பிப் போடவில்லை. எனக்கு ஒரு செய்தி விட்டுவிட்டுப் போனார்.

'நல்ல சான்று. நன்றி. தொடர்ந்து பங்களியுங்கள்.'

மாடுகள் இப்போதும் அங்கேதான் தண்ணீர் குடிக்கின்றன. அக்காவின் பெயர் அந்தப் பக்கத்தின் அடியில் இருக்கிறது. நான் அடித்ததுதான். அதனால்தான் இங்கே அந்தப் பெயரை எழுதவில்லை.